லேபிளும் கரைசலும்

(உயிர்வேதியியல் இளநிலை மாணவர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்கள். நோக்கம், தத்துவம், தேவையான கரைசல்கள், செய்முறை, அட்டவணை, முடிவு. இதில் தத்துவத்தை மனப்பாடம் செய்துவிடுவீர்கள், வைவாவில் கேட்பார்கள் என்பதால். செய்முறையைக் கையால் செய்து பார்ப்பீர்கள். 'தேவையான கரைசல்கள்' மட்டும் போன வருடத்து அண்ணனுடைய நோட்டிலிருந்து அப்படியே உங்கள் நோட்டுக்கு இறங்கும். அந்தக் கரைசல்களைச் செய்தவர் காலையிலேயே வந்து, தராசு முன்னால் நின்று, நிறுத்து, கரைத்து, லேபிள் ஒட்டி, மேசையில் வரிசையாக வைத்துவிட்டார். அவரும் இந்த அரங்கில்தான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நான் பேச வந்தது அவருடைய வேலையைப் பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேபிளில் எழுதியிருப்பதற்கும் பாட்டிலுக்குள் இருப்பதற்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. தண்ணீரோடு வந்தது, உப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது, சூட்டில் மாறியது, காத்திருந்த நேரத்தில் சிதைந்தது எல்லாம் அந்த இடைவெளியில் கிடக்கும். நம் செய்முறை வகுப்புகளில் சொதப்பும் சோதனைகளில் பாதிக்கு மேல் அங்கேதான் சொதப்புகின்றன என்பது என் எண்ணம். உயிர்வேதியியலின் பெரிய கண்டுபிடிப்புகள் சிலவும் அதே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். 1880களின் தொடக்கத்தில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சிட்னி ரிங்கர் என்றொரு மருத்துவர் இருந்தார். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, அதற்குள் உப்புக் கரைசலைச் செலுத்தி, ரத்தத்தில் இருக்கும் எந்தப் பொருள் அதைத் துடிக்க வைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1882-இல் 'ஜர்னல் ஆஃப் பிசியாலஜி'யில் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அதே இதழில் இன்னொரு கட்டுரை. முதல் கட்டுரையில் பயன்படுத்திய உப்புக் கரைசல் வாலை நீரில் செய்ததில்லை, நியூ ரிவர் வாட்டர் கம்பெனி குழாயில் விட்ட தண்ணீரில் செய்தது என்பது பிறகுதான் தெரியவந்தது என்று அதில் அவரே எழுதினார். வாலை நீரில் அதே உப்பைக் கரைத்துக் கொடுத்தபோது இதயம் சீக்கிரமே சோர்ந்து நின்றுபோனது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை துடிப்பைத் தாங்கிப் பிடித்திருந்தது. தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும் என்ற அறிவு, கரைசல் செய்தவர் வேறு குழாயைத் திறந்ததால் நமக்குக் கிடைத்தது.

அரசு மருத்துவமனை வார்டில் ஸ்டாண்டில் தொங்குகிறதே 'ஆர்.எல்.' பாட்டில், அதில் 'ஆர்' என்பது இந்த ரிங்கர்தான். 'எல்' என்பது லாக்டேட். 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சேர்த்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: வாலை நீர் பயன்படுத்தினால் போதும், கவலை இல்லை. அப்படியும் இல்லை. கண்ணாடி வாலையில் வடித்த நீரைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக்கொண்டு அதன் பிஎச் 5.6 பக்கம் இறங்கிவிடும். 'சுத்தமான நீரின் பிஎச் 7 என்று புத்தகத்தில் இருக்கிறதே, மீட்டர் கெட்டுவிட்டதா சார்' என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். மீட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை. அயனி நீக்கும் பிசின் வழியாக வரும் நீரில் உப்பு இருக்காது. ஆனால் பிசினை நாள்பட மாற்றாமல் விட்டால் அதிலேயே பாக்டீரியா குடியிருக்கும். மின்தடை எண் 18.2 மெகா ஓம் சென்டிமீட்டர் என்று கருவி காட்டினால் நீரில் அயனிகள் இல்லை என்று அர்த்தம். நுண்ணுயிர் விட்டுச் சென்ற நொதிகளைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. புரதத்தின் அளவைப் பார்க்கும் லோரி சோதனைக்கு சாதாரண வாலை நீர் தாராளம். ஆர்.என்.ஏ. எடுக்கப் போகிறவர், நம் விரல்நுனியில்கூட ரைபோநியூக்ளியேஸ் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தொட வேண்டும்.

அடுத்தது தராசு. இங்கே நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் தராசில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது.

கால்சியம் குளோரைடு பாட்டில்கள் அலமாரியில் இரண்டு மூன்று இருக்கும். ஒன்று நீரற்றது, மூலக்கூறு எடை 110.98. இன்னொன்று இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டிருப்பது, 147.01. ஆறு நீர் மூலக்கூறுகளுடன் இருப்பது 219.08. மூன்றும் வெள்ளையாகத்தான் இருக்கும். கையேட்டில் '111 கிராம்' என்று பார்த்துவிட்டு இரண்டாவது பாட்டிலிலிருந்து எடுத்து 1 லிட்டர் செய்தால் உங்களிடம் இருப்பது 1 மோலார் கரைசல் ஆகாது, முக்கால் மோலார். அதனால் கையேட்டில் இருக்கும் கிராம் கணக்கை நம்பாதீர்கள். மோலார் எவ்வளவு என்று மட்டும் எடுத்துக்கொண்டு, கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளில் உள்ள மூலக்கூறு எடையைப் போட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளின் கதை வேறு. தட்டில் வைத்த நிமிடத்திலிருந்தே காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். சென்னை மாதிரியான கடலோர ஊரில் ஐப்பசி மாதத்தில் அதைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், எண் ஓடிக்கொண்டே இருக்கும். பிளஸ் டூவில் ஆக்சாலிக் அமிலத்தை வைத்து அதைத் தரம் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கும் ஒன்றுக்கு வருகிறேன். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையில் பாஸ்பரஸ் அளவிடுகிறீர்கள். திட்டக் கரைசல்: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 35.1 மில்லிகிராம், 100 மி.லி.யில். 1 மி.லி.க்கு 80 மைக்ரோகிராம் பாஸ்பரஸ். அலமாரியில் பக்கத்திலேயே டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் இருக்கும். பெயரைப் பாதி படித்து அதை எடுத்துவிட்டால், மூலக்கூறு எடை 136-க்கு பதில் 174. 80 மைக்ரோகிராம் என்று நீங்கள் நம்பும் இடத்தில் 62-தான் இருக்கும். வரைபடம் வரையுங்கள். அழகான நேர்கோடு வரும், ஒரு புள்ளிகூட விலகாது. ஏனென்றால் எல்லாக் குழாய்களிலும் ஒரே விகிதத்தில்தானே குறைவு? ஆனால் தெரியாத மாதிரியின் விடை கால் பங்குக்கு மேல் அதிகமாக வரும். நேர்கோடு வந்ததும் 'குட்' போட்டுக் கையெழுத்திடும் ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கோடு உங்கள் பிப்பெட்டுக்கு மட்டும்தான் சான்றிதழ் தரும். நிறுத்த பொருளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதே சோதனையில் வெற்றுக் குழாயில், அதாவது பாஸ்பேட்டே போடாத குழாயில், லேசாக நீலம் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக் குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டு ஒழுங்காக அலசவில்லை என்று அர்த்தம். பல சலவைப் பொருள்களில் பாஸ்பேட் உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் நாள்கணக்கில் வைத்த காரக் கரைசல் கண்ணாடியையே கொஞ்சம் கரைத்து சிலிகேட்டைக் கொண்டுவரும். மாலிப்டேட்டுக்கு அதுவும் பிடிக்கும். காரத்தை பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள்.

'கரைத்து 1 லிட்டராக்குதல்' வேறு, '1 லிட்டர் நீரில் கரைத்தல்' வேறு என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். நீர்த்த உப்புக் கரைசலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அதனால் யாரும் மதிப்பதில்லை. 8 மோலார் யூரியா செய்து பாருங்கள். 480 கிராம் யூரியாவை 1 லிட்டர் நீரில் கொட்டினால் மொத்தக் கன அளவு 1.3 லிட்டரைத் தாண்டிப் போகும். உங்களுக்குக் கிடைப்பது 6 மோலார் பக்கம். யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். பீக்கர் கையில் ஜில்லென்று இருக்கும், கரைவதும் மெதுவாகும். உடனே கை ஹீட்டருக்குப் போகும். அங்கேதான் பொறி. யூரியா கரைசலில் எப்போதும் கொஞ்சம் சயனேட் உண்டாகிக்கொண்டிருக்கும், சூடாக்கினால் இன்னும் வேகமாக. அந்த சயனேட் புரதத்தின் அமினோ தொகுதிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ராக்ஃபெல்லரில் ஸ்டார்க், ஸ்டைன், மூர் ஆகியோர் 1960-லேயே இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். இளஞ்சூட்டுக்கு மேல் போகாமல், பொறுமையாகக் கலக்கி, அன்றைக்குச் செய்து அன்றைக்கே பயன்படுத்த வேண்டிய கரைசல் அது.

பொறுமை என்றதும் ஈடிடிஏ ஞாபகம் வருகிறது. 0.5 மோலார் ஈடிடிஏ செய்யச் சொன்னால், புதிதாக வந்த மாணவர் டைசோடியம் உப்பை நீரில் போட்டு, காந்தக் கலக்கியில் வைத்து, காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். கரையவே கரையாது. பிஎச் 8 பக்கம் போனால்தான் கரையும். லிட்டருக்கு 20 கிராம் அளவில் சோடியம் ஹைட்ராக்சைடு தேவைப்படும். போட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். இதை யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் காலை தப்பியிருக்கும்.

இனி பஃபர். தாங்கல் கரைசல் என்று எழுதுங்கள், பஃபர் என்று பேசுங்கள், எனக்கு இரண்டும் சம்மதம்.

பிஎச் என்ற அளவுகோலே ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909-இல் அதை முன்வைத்தார். நொதிகளின் வேகம் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பொறுத்துத் தாறுமாறாக மாறுவதைக் கட்டுக்குள் வைக்க அவருக்கு ஓர் அளவும், அதை நிலைநிறுத்தும் கரைசல்களும் தேவைப்பட்டன. ஆக, பஃபர் நொதிக்காகவே வந்தது. ஆனால் எந்த பஃபரும் பிஎச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். சிட்ரேட் உலோக அயனிகளைக் கவ்வும். இந்தத் தொல்லைகள் குறைந்த பஃபர்களைத் தேடித்தான் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நார்மன் குட் என்பவரும் குழுவினரும் 1966-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஹெப்பிஸ், மெஸ், ட்ரைசின் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தவை. இன்றும் அவற்றை 'குட் பஃபர்கள்' என்கிறோம். அவர் பெயர் குட், அவ்வளவுதான். மற்றவை எல்லாம் கெட்டவை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் கல்லூரிகளில் விலை காரணமாக ட்ரிஸ்தான் ராஜா. அதன் குணம் ஒன்றை மட்டும் ஒவ்வொரு ஆய்வகச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும்: ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் அதன் பிஎச் சுமார் 0.028 கூடும். கேட்க அற்பமான எண். மே மாதம், ஏசி இல்லாத ஆய்வகம், 33 டிகிரி. அங்கே நீங்கள் பிஎச் 8.0 என்று துல்லியமாகச் சரிசெய்த ட்ரிஸ் கரைசலை 4 டிகிரி குளிர் அறையில் கொண்டுபோய் வைத்தால் அது 8.8. லேபிளில் 8.0 என்றே இருக்கும். புத்தகம் எழுதியவர் 25 டிகிரியில் செய்திருப்பார். அவர் நொதி வேலை செய்தது, உங்கள் நொதி செய்யவில்லை என்றால் நொதியின் மேல் பழி போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஹெப்பிஸ் இதில் பாதிதான் மாறும். பாஸ்பேட் கிட்டத்தட்ட மாறாது.

ஆனால் பாஸ்பேட்டுக்கு அதற்கே உரிய வினோதம் இருக்கிறது. சோடியம் பாஸ்பேட் பஃபரை உறைய வைத்தால், டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி வெளியே போய்விடும். எஞ்சிய திரவத்தில் அமிலப் பங்கு மட்டும் மிஞ்சும், பிஎச் 3 அலகுகள் வரைகூட விழும். புரதத்தை 'பத்திரமாக' ஃப்ரீசரில் வைத்தேன் என்பார்கள். அந்தப் புரதம் உறையும் வழியில் அமிலத்தில் குளித்துவிட்டுப் போயிருக்கும். அதோடு, பாஸ்பேட் பஃபரைப் பத்து மடங்கு செறிவாகச் செய்து வைத்திருந்தால் அதன் பிஎச்சை 7.4-க்குக் கொண்டுவர முயலாதீர்கள். செறிவான நிலையில் அது 6.8 பக்கம் காட்டும், நீர்த்தால் 7.4-க்கு வரும். செறிவிலேயே 'சரிசெய்து' வைத்தவர்களின் கரைசல் நீர்த்த பிறகு கார பக்கம் போய் நிற்கும்.

சில கரைசல்களின் பிஎச்சைத் தொடவே கூடாது. புரத ஜெல் ஓட்டும் பஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். லேம்லி 1970-இல் வகுத்த முறை. லிட்டருக்கு ட்ரிஸ் 3 கிராம், கிளைசின் 14.4 கிராம், எஸ்டிஎஸ் 1 கிராம். மூன்றையும் கரைத்தால் தானாகவே 8.3 பக்கம் வரும். 8.5 காட்டுகிறதே என்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுகிறவர் குளோரைடை உள்ளே விடுகிறார். அந்த ஜெல்லில் புரதப் பட்டைகள் ஒடுங்குவது கிளைசின் பின்னால் மெதுவாகவும் குளோரைடு முன்னால் வேகமாகவும் ஓடுவதால்தான். ஓட்டும் பஃபரிலேயே குளோரைடு கலந்துவிட்டால் அந்த ஏற்பாடு குலைந்துபோகும். பொட்டாசியம் உப்பு எதையும் எஸ்டிஎஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தயிர் மாதிரி திரண்டுவிடும்.

இதுவரை கரைசல். மாதிரிக்கு வருவோம். கரைசலாவது நாம் செய்தது. மாதிரி ஒரு உயிரிடமிருந்து வந்தது, எடுத்த பிறகும் அதற்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ரத்தத்தையே பாருங்கள். குழாயில் எடுத்து, சீரத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், சிவப்பணுக்கள் உள்ளே இருக்கும் குளுக்கோசைத் தின்றுகொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சர்க்கரை நோயாளிக்கு எழுதிக்கொடுக்கும் எண் அது. சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடு இருப்பது அதற்காக. குளுக்கோஸ் சிதையும் பாதையில் ஈனோலேஸ் என்ற நொதியை அது முடக்கும். ஆனால் ஈனோலேஸ் அந்தப் பாதையில் கடைசிக்கு முந்தின படிகளில் ஒன்று. அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு குளுக்கோஸ் குறைந்துகொண்டுதான் இருக்கும். ஃபுளோரைடு குழாயில் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுப்பவர்களுக்கு இது தெரியாது. சீக்கிரம் பிரிப்பதற்கு மாற்று இல்லை.

ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் ஈடிடிஏ இருக்கும். அதிலிருந்து ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு 'கொஞ்சம் குறைகிறது' என்று ஊற்றினால் என்ன நடக்கும்? அறிக்கையில் பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். அந்த எண்ணைப் பார்த்தால் அவசர சிகிச்சைக்கு ஓடத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் நோயாளியை விட குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தை வேகமாக ஊசி வழியே பீய்ச்சி அணுக்களை உடைத்தாலும் பொட்டாசியம் ஏறும், ஆனால் கால்சியம் அப்படி விழாது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே அனுபவமுள்ள டெக்னீசியன்கள் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

சென்ட்ரிஃபியூஜ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. '3000 சுற்றில் 10 நிமிடம்' என்று எழுதாதீர்கள். ஆரம் 10 சென்டிமீட்டர் இருக்கும் கருவியில் அது புவியீர்ப்பைப் போல் 1000 மடங்கு, 15 சென்டிமீட்டரில் 1500 மடங்கு. எந்தக் கருவி என்று சொல்லாத சுற்று எண்ணை இன்னொருவர் பயன்படுத்த முடியாது.

திசு மாதிரிகளில் இன்னும் சுவாரசியமான விஷயங்கள் நடந்திருக்கின்றன. எட்வர்டு பூக்னர் ஈஸ்ட்டை மணலோடும் டயட்டம் மண்ணோடும் அரைத்துப் பிழிந்து சாறு எடுத்தார். அது கெடாமல் இருக்க, பழத்தைப் பாகில் போடுவது போல, நிறையச் சர்க்கரை சேர்த்தார்கள். சாறு நுரைத்துக்கொண்டு பொங்கியது. உயிருள்ள செல் இல்லாமலே நொதித்தல் நடக்கிறது என்ற உண்மை 1897-இல் அப்படித்தான் வெளிப்பட்டது. 1907-இல் வேதியியல் நோபல். பதப்படுத்தப் போட்ட பொருள்தான் வினைபொருள்.

பெல்ஜியத்தில் லூவெய்னில் கிறிஸ்டியன் டி டூவ் 1940களின் கடைசியில் எலியின் கல்லீரலை மென்மையாக அரைத்து நொதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதியின் செயல்பாடு எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. கணக்குத் தப்போ, கரைசல் தப்போ என்று நாமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்திருப்போம். அவர்கள் மாதிரிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு சில நாள் கழித்து மறுபடி அளந்தார்கள். இப்போது செயல்பாடு ஏறியிருந்தது. நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்தது, நாள்பட்டதும் பை கிழிந்தது. 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். மாதிரியைச் சேமித்ததும், சேமித்த நாளைக் குறித்ததும்தான் அந்தச் சோதனை. தேதி எழுதாத குழாய் உங்கள் ஃப்ரீசரில் எத்தனை இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

கடைசியாக சுப்பாராவ். எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1923-இல் பாஸ்டனுக்குப் போனவர். பிற்காலத்தில் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில்தான் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் வந்தது. நம் ஊரில் யானைக்கால் மாத்திரை என்று வீடு வீடாகக் கொடுத்தார்களே, அது. ஆனால் நான் பேச வந்தது 1925-ஐப் பற்றி. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து பாஸ்பரஸை நிறம் வைத்து அளக்கும் முறையை அந்த ஆண்டு வெளியிட்டார். அமிலத்தில் மாலிப்டேட், பிறகு ஓர் ஒடுக்கும் கரைசல், நீல நிறம். நீங்கள் இன்றும் செய்வது அதுதான்.

அந்த முறையைத் தசைச் சாற்றில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. திட்டக் கரைசலில் நிறம் உடனே வந்தது. தசைச் சாற்றில் நிறம் மெதுவாகக் கூடிக்கொண்டே போனது. அவசரப்படுகிறவர் நிறம் முழுதாக வரும் வரை காத்திருந்து அளந்துவிட்டுப் போவார். கடைசியில் வரும் எண் சரி போலத்தான் தெரியும், 'கனிமப் பாஸ்பேட்' என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் தசையில் கனிமப் பாஸ்பேட் நிறைய இருக்கிறது என்று நம்பியவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். இவர்கள் இருவரும் அந்தத் தாமதத்தையே அளந்தார்கள். சோதனைக் குழாயிலிருந்த அமிலமும் மாலிப்டேட்டும் ஏதோ ஒரு பொருளை உடைத்து அதிலிருந்து பாஸ்பேட்டை விடுவித்துக்கொண்டிருந்தன. அந்தப் பொருள் பாஸ்போகிரியேட்டின். 1927-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அதே பொருளைக் கண்டிருந்தார்கள். 1929-இல் தசைச் சாற்றிலிருந்து ஏடிபியையும் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் எடுத்துக் காட்டினார்கள். ஜெர்மனியில் லோமனும் தனியாக அதையே காட்டினார்.

இன்றைக்கு ஒரு தசையில் பாஸ்போகிரியேட்டின் அளக்க வேண்டுமென்றால் முதல் வேலை, திரவ நைட்ரஜனில் குளிர வைத்த உலோகத்தால் தசையை நொடியில் நசுக்கி உறைய வைப்பது. பிறகு குளிரிலேயே பெர்குளோரிக் அமிலத்தில் எடுத்து, தாமதிக்காமல் பொட்டாசியம் காரத்தால் நடுநிலையாக்குவது. அமிலத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அளக்க வந்த பொருளே சிதைந்துகொண்டிருக்கும். எஸ்டிஎஸ்ஸுக்குப் பகை என்று சொன்ன பொட்டாசியம் இங்கே நண்பன். பெர்குளோரேட்டைப் படிகமாக்கி வெளியே தள்ளிவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை வைத்துவிட்டு இறங்குகிறேன். பாஸ்பரஸ் சோதனையைக் கரைசலிலிருந்தே மாணவர்கள் செய்யட்டும். ஒரு குழுவுக்கு டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் இன்னொரு குழுவுக்கு டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும், பெயர் மறைத்து எண் மட்டும் ஒட்டிக் கொடுங்கள். தெரியாத மாதிரியை இரு குழுக்களும் அளந்து, விடைகளை ஒப்பிட்டு, எங்கே பிசகியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். மூன்று மணி நேர வகுப்பில் இது முடியாது என்பீர்கள். இரண்டு நாளாகப் பிரியுங்கள். திட்டக் கரைசல் ஒரு சொட்டு குளோரோஃபார்மோடு குளிரில் நிற்கும், ஒடுக்கும் கரைசலை மட்டும் பழுப்புப் பாட்டிலில் அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். தராசு ஒன்றுதான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். வரிசையில் நிற்பவர்கள் அந்த நேரத்தில் மூலக்கூறு எடைக் கணக்கைப் போடட்டும். இதற்கு இடம் வேண்டுமென்றால் பருவத்துக்கான சோதனைப் பட்டியலில் இரண்டைக் குறைக்க வேண்டியிருக்கும். எந்த இரண்டை என்பதில் எனக்கும் உங்கள் துறைத் தலைவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மதிய உணவு வரை நேரம் இருக்கிறது, நீங்களும் சொல்லுங்கள்.